பூம்பாறை வயலுக்குப் பூண்டா, கேரட்டா?

கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் படிப்படியான வயல்களில் இரண்டுமே விளைகின்றன. கேரட் மூன்று, நான்கு மாதத்தில் கையில் காசு தரும். ஆனால் பிடுங்கிய கையோடு கழுவி, மூட்டை கட்டி, வண்டி ஏற்றியாக வேண்டும். மழையில் மண் சரிந்து சாலை அடைபட்டால் அத்தனையும் வாடிவிடும். அப்புறம் வியாபாரி சொன்னதுதான் விலை.

பூண்டுக்குப் பொறுமை வேண்டும். ஆனால் தாளோடு முடிந்து, அடுப்புப் புகை படும்படி தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. விலை ஏறும்போது மலையடிவாரத்தில் பெரியகுளம் பக்கமுள்ள வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்கு இறக்கலாம். விதைக்கும் அதிலேயே எடுத்து வைக்கலாம். 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பல்லை நசுக்கினால் கை கழுவிய பிறகும் விரலில் காரநெடி நிற்கும்.

சின்ன நிலம் என்றால் என் ஓட்டு பூண்டுக்குத்தான். அவசரச் செலவுக்கு இரண்டு பாத்தி கேரட் போடுங்கள்.