ஒரு மணி நேரம் ஓடட்டும், பிறகு விலை பேசலாம்

பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களை, அதாவது காற்றில்லாத கண்ணாடிக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் கருவிகளை, வாங்கியும் விற்றும் 12 ஆண்டுகளாகின்றன. இதுவரை ஏழு என் கைக்கு வந்தன. ஐந்தை விற்றுவிட்டேன், மீதி இரண்டு வீட்டில் தினமும் பாடுகின்றன.

முதல் ஆம்ப்ளிஃபயரை விற்பவர் வீட்டில் பத்தே நிமிடம் கேட்டேன். குரல் அவ்வளவு குழைந்து வந்தது. உடனே பணம் கொடுத்துத் தூக்கி வந்துவிட்டேன். அன்றிரவு அறை விளக்கை அணைத்துவிட்டு இரண்டாவது இசைத்தட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரை ஓட்டும் நான்கு இ.எல்.34 பவர் வால்வுகளில் ஒன்றின் சாம்பல் நிறத் தகடு, ஓரத்தில் ஒரு கோடாகத் தொடங்கி மெல்ல மெல்லச் சிவந்துகொண்டே வந்தது. வால்வின் நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்வது இழை, அது இயல்பு. தகடே பழுக்கக் காய்வது ஆபத்து. பாய்ந்துபோய் மின்சாரத்தை நிறுத்தினேன்.

கப்ளிங் கெப்பாசிட்டர் வயதாகிக் கசிந்திருந்தது. ஒலியை மட்டும் கடத்திவிட்டு டி.சி. மின்னழுத்தத்தைத் தடுத்து நிறுத்துவதுதான் அதன் வேலை. அது கசிந்தால் பவர் வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுக்கு வேண்டாத மின்னழுத்தம் போய், வால்வில் அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்கிறது. சூடு ஏற ஏறக் கசிவும் கூடும் என்பதால் பத்து நிமிடத்தில் எதுவும் தெரியவில்லை. விற்றவர் எதையும் மறைக்கவில்லை. அவரே நாளுக்கு அரை மணி நேரம்தான் கேட்பாராம்.

அதிலிருந்து ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்காமல் நான் எதையும் வாங்குவதில்லை. மல்டிமீட்டரும் கூடவே வரும். 1959-இல் வந்த டைனகோ எஸ்.டி.70 ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பயஸை, அதாவது பாட்டு ஓடாதபோது பவர் வால்வுகள் இழுக்கும் மின்னோட்டத்தை, சரிபார்க்க முன்பக்கமே இடம் உண்டு, 1.56 வோல்ட் காட்ட வேண்டும். அது 15.6 ஓம் ரெசிஸ்டரில் அளப்பது. ஆக, ஒரு சேனலின் இரண்டு வால்வுக்கும் சேர்த்து 100 மில்லியாம்பியர். ஒன்று 60, மற்றது 40 என்று இழுத்தாலும் மீட்டர் அதே 1.56-ஐத்தான் காட்டும். அதனால் அளந்ததோடு நிறுத்தாமல் விளக்கை அணைத்துத் தகடுகளையும் பார்க்கிறேன். ஒரு மணி நேரத்தில் அளவு ஏறிக்கொண்டே போனால் வாங்காமல் திரும்பிவிடுவேன், அல்லது பழுதுச் செலவைக் கழித்துக்கொண்டு விலை சொல்வேன்.

பலர் வால்வின் பெயரைப் பார்த்துப் பணத்தைக் கொட்டுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. பவர் வால்வு சில ஆயிரம் மணி நேரத்தில் தேய்ந்துவிடும் பொருள். கண்ணாடியில் அச்சிட்ட பெயரை அழித்து வேறு பெயர் பதிப்பதும் நடக்கிறது. டெலிஃபுங்கன் சிறு வால்வுகள் பலவற்றின் அடிக்கண்ணாடியில் வார்ப்பிலேயே பதிந்திருக்கும் வைர வடிவக் குறி போன்றவைதான் நம்பத் தக்கவை. உள்ளே வெள்ளி போல் மின்னும் பூச்சு பால் வெள்ளையாகியிருந்தால் காற்று புகுந்துவிட்டது. அந்த வால்வு அவ்வளவுதான்.

பணம் கொடுக்க வேண்டியது, பவர் வால்வுகளை ஸ்பீக்கரோடு இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு. 1961-இல் வந்த மெக்கின்டாஷ் எம்.சி.275 போன்றவற்றில் அதன் கம்பியைச் சுற்றிய முறையே தனி; எரிந்துவிட்டால் கடையில் கிடைக்கும் வேறொன்றைப் பொருத்த முடியாது. ஸ்பீக்கரை இணைக்காமல் ஓட்டுவது அதைக் கொல்லும் வழிகளில் ஒன்று. உருகி வழிந்த மெழுகு, நிறம் மாறிய கம்பி, அண்மையில் திருகிய ஸ்க்ரூ தெரிந்தால் விசாரியுங்கள். ஜப்பானுக்காகச் செய்தவை 100 வோல்ட்டில் ஓடுபவை, பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் செருகிவிடாதீர்கள். அணைத்த பிறகும் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம் என்பதால், பழக்கமில்லாதவர்கள் அடிமூடியைத் திறக்கவே வேண்டாம்.

விற்கும்போது எல்லா வால்வுகளையும் கழற்றி, எது எந்த சாக்கெட் என்று எழுதி, தனிப் பெட்டியில் அனுப்புகிறேன். ஆம்ப்ளிஃபயருக்குப் பெட்டிக்குள் பெட்டி. ஒருமுறை வால்வுகளோடே அனுப்பி, நான்கில் மூன்று தூளாகிப் போய்ச் சேர்ந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஐந்தாவதை வாங்க வந்தவர் நேரிலேயே வந்தார். எப்போது எந்தப் பாகத்தை மாற்றினேன், எத்தனை மணி நேரம் ஓடியது என்று நான் எழுதிவைத்த நோட்டை முதலில் கொடுத்தேன். படித்து முடித்தார், இரண்டு இசைத்தட்டு கேட்டார். பிறகு, நான் சொல்வதற்கு முன் அவரே எழுந்துபோய் அறை விளக்கை அணைத்தார். இருவரும் குனிந்து பார்த்தோம். நான்கு தகடுகளும் சாம்பல் நிறமாகவே இருந்தன.