முன் பிரேக் பிடிக்காத வண்டியில் என் மகளுக்குப் "பாதுகாப்புப் பயிற்சி": 7,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்

என் மகளின் இடது முழங்கைக் கட்டை இன்று காலைதான் மாற்றினோம். தோல் உரிந்த இடத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்தபோது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். 7,500 ரூபாய் வாங்கிக்கொண்டு பிள்ளைகளை இப்படி ஒரு வண்டியில் ஏற்றுகிறார்கள் என்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டும்.

எனக்கு வண்டி கற்றுக்கொடுத்தவர் என் மாமா. பின்னால் உட்கார்ந்து "கிளட்சை விடுடா, மெதுவாக விடுடா" என்று கத்துவார், அவ்வளவுதான் பாடம். விழுந்து எழுந்து கற்றேன். 26 வருடமாக ஓட்டுகிறேன். மகளுக்குச் சிறுசேரியில் வேலை கிடைத்தது. தாம்பரம் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய், இரவு திரும்பி வருவதற்குள் வீட்டில் எல்லோருக்கும் உயிர் போய் உயிர் வரும். "ஸ்கூட்டர் வேண்டாம் அப்பா, உங்கள் கியர் வண்டியையே ஓட்டுகிறேன்" என்றாள். சரி, என்னைப் போல் விழுந்து கற்க வேண்டாம், முறையாகக் கற்கட்டும் என்று நினைத்தேன். எல்.எல்.ஆர். வாங்கிய வாரமே பயிற்சிப் பள்ளி தேடினோம்.

பெயர் சொல்லப் போவதில்லை. கார், பைக் இரண்டும் சொல்லித்தரும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி, முதல் மாடியில் அலுவலகம். அங்கே இரண்டு விதக் கட்டணம். உரிமத் தேர்வுக்கு எட்டு போடப் பழக்குவது மட்டும் என்றால் 3,000. "தொடக்கநிலைப் பாதுகாப்புப் பயிற்சி" என்றால் 12 நாள், 7,500. திடீர் பிரேக், குறுகிய இடத்தில் வளைந்து திரும்புவது, மணல் கிடக்கும் சாலை, மழைநீர் நிற்கும் சாலை எல்லாம் சொல்லித்தருவோம் என்றார் உரிமையாளர். ஹெல்மெட்டும் முழங்கால், முழங்கைக் காப்பும் அவர்களே தருவார்களாம்.

நான் நம்பியது அந்தப் பட்டியலைக் கேட்டு அல்ல. மகள் அங்கிருந்த ஹெல்மெட் ஒன்றை மாட்டிப் பார்த்தாள். அவர் எழுந்து வந்தார். "ஒரு நிமிடம் அம்மா" என்று சொல்லி, தாடைக்குக் கீழே பட்டைக்குள் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தார். கொஞ்சம் இறுக்கினார், மறுபடியும் விரலை நுழைத்தார். "இதற்குமேல் தளர்வாக இருந்தால் விழும்போது ஹெல்மெட் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் போய்விடும் சார்" என்றார். இத்தனை வருடத்தில் என் பட்டையை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. இவரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம் என்று மனதில் விழுந்துவிட்டது. அங்கேயே நின்றபடி கைப்பேசியில் 7,500 ரூபாயையும் மொத்தமாக அனுப்பினேன். ரசீது கேட்கக்கூடத் தோன்றவில்லை. "பணம் வந்ததற்குச் செய்தி வந்துவிட்டது சார், அதுவே ரசீது" என்றார்.

அவரை மைதானத்தில் அவள் ஒருநாள்கூடப் பார்க்கவில்லை.

சொல்லித்தந்தது இருபது வயதிருக்கும் ஒரு பையன். ஆறு பேருக்கு ஒரே வண்டி. ஆளுக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் அதிகம், மீதி நேரம் வெயிலில் நிற்க வேண்டும். முழங்காலுக்கு ஒரே ஒரு ஜோடிக் காப்பு, ஆறு பேரும் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டார்கள். ஒட்டும் பட்டை தேய்ந்துபோய், வண்டியில் ஏறியதும் கணுக்காலுக்கு இறங்கிவிடுமாம். முழங்கைக்கு எதுவுமே இல்லை. தினமும் எட்டு, எட்டு, எட்டு. மகள் மூன்றாம் நாளே சொன்னாள். "ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்" என்றேன் நான். அதை நினைத்தால்தான் இப்போது தூக்கம் வரவில்லை.

ஏழாம் நாள், போன வியாழக்கிழமை, அந்தப் பையன் அவளை மைதானத்துக்கு வெளியே சாலையில் ஓட்டச் சொல்லியிருக்கிறான். பக்கத்துச் சந்திலிருந்து ஒரு ஆட்டோ சட்டென்று வெளியே வந்தது. அவளுக்குத் தெரிந்தது பின் பிரேக் மட்டும். முழு பலத்தோடு மிதித்தாள். ஓரத்து மணலில் பின்சக்கரம் இறுகி வழுக்கியது, வண்டி இடது பக்கமாகச் சாய்ந்து இழுத்துக்கொண்டு போனது. எலும்பு முறியவில்லை என்று எக்ஸ்ரேயில் தெரியும் வரை நானும் என் மனைவியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அன்று மாலை மைதானத்துக்குப் போனேன். வண்டி அங்கேதான் நின்றது. ஹேண்டில்பாரில் முன் பிரேக் பிடியை அழுத்தினேன். எந்தத் தடையும் இல்லாமல் கைப்பிடியோடு வந்து ஒட்டிக்கொண்டது. குனிந்து பார்த்தேன். முன்சக்கரத்தின் டிரம்முக்குப் போகும் கேபிளின் திருகை வேண்டுமென்றே கடைசிவரை தளர்த்தி வைத்திருந்தார்கள்.

"என்ன தம்பி இது?" என்று கேட்டேன்.

"புதிதாகப் பழகுகிறவர்கள் பயத்தில் முன் பிரேக்கை அழுத்தி விழுந்துவிடுகிறார்கள் சார். இண்டிகேட்டர் உடைகிறது. ஓனர்தான் கழற்றிவிடச் சொன்னார்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. முதல் நாளே அவளிடமும் "முன் பிரேக்கைத் தொடவே தொடாதீர்கள் சிஸ்டர், தூக்கி எறிந்துவிடும்" என்று சொல்லியிருக்கிறான்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். பிரேக் பிடித்தவுடன் பாரம் முன்னால் வந்துவிடும், பின்சக்கரம் லேசாகிவிடும். வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. அதை வெடுக்கென்று பிடித்தால் ஆபத்து, படிப்படியாக அழுத்தினால் அதுதான் உயிரைக் காப்பாற்றும். அந்த அழுத்தத்தைக் கைக்குப் பழக்கத்தானே இப்படி ஒரு பயிற்சி! 2019 ஏப்ரலிலிருந்து விற்கும் புது வண்டிகளில் 125 சி.சி. வரை இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பாவது இருக்க வேண்டும், அதற்குமேல் சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இருக்க வேண்டும் என்று விதி வந்தது. இவர்களுடையது அதற்கெல்லாம் முந்தைய பழைய வண்டி. அதில் இருந்த ஒரே முன் பிரேக்கையும் இண்டிகேட்டர் செலவுக்குப் பயந்து செயலிழக்க வைத்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் பாதுகாப்புப் பயிற்சி, விலை 7,500 ரூபாய்.

அன்று இரவே உரிமையாளரை அழைத்தேன். "ஐயையோ, பாப்பாவுக்கு ஒன்றும் இல்லையே சார்?" என்றார். பணத்தைப் பற்றிப் பேசியதும் "வெளியூரில் இருக்கிறேன், திங்கட்கிழமை நேரில் வாருங்கள்" என்றார். திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு போட்டுப் போனேன். அவர் இல்லை. மேசையில் இருந்த பெண் "மீதி ஐந்து நாளை எப்போது வேண்டுமானாலும் வந்து முடித்துக்கொள்ளலாம் சார், கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் வழக்கம் இங்கே இல்லை" என்றார். பிரேக்கைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் மைதானத்தில் கேளுங்கள்." மைதானத்தில் கேட்டால் ஓனரைக் கேளுங்கள் என்கிறான் பையன். ஓனர் போனை எடுப்பதில்லை.

மேசையில் இருந்த பெண்ணிடம் பதிவேட்டையாவது காட்டுங்கள் என்றேன். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இப்படிப்பட்ட பள்ளிகள் படிவம் 14-இல் மாணவர் பதிவேடு வைத்திருக்க வேண்டும், பயிற்சி முடித்தவருக்குப் படிவம் 5-இல் சான்றிதழ் தர வேண்டும். நோட்டைப் புரட்டினார், திருப்பிப் புரட்டினார். என் மகளின் பெயர் அதில் இல்லை. ஏழு நாள் அந்த மைதானத்துக்கு வந்து போனதற்கு அவளிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்த முழங்கைக் காயம். "தேர்வில் பாஸ் ஆவதற்கு நாங்கள் பொறுப்பு சார்" என்று வாசல்வரை வந்து சொன்னார். பாஸ் ஆவதற்காகவா நான் 7,500 ரூபாய் கொடுத்தேன்?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் இன்று காலை புகார் பதிந்திருக்கிறேன். நாளை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துமூலம் கொடுக்கப் போகிறேன்.

நல்ல பயிற்சியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது பொறுமை இல்லை. பணம் கட்டும் முன் பயிற்சி வண்டியைப் பாருங்கள், அலுவலகத்தைப் பார்க்காதீர்கள். ஒரு வண்டிக்கு எத்தனை பேர் என்று அங்கே பழகுகிறவர்களிடமே கேளுங்கள். சொல்லித்தரப் போவது யார் என்று ஆளை நேரில் பாருங்கள். மொத்தப் பணத்தையும் முதல் நாளே கொடுக்காதீர்கள், ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். "முன் பிரேக்கைத் தொடாதே" என்று யார் சொன்னாலும் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

என் மகளோடு பழகிய மற்ற ஐந்து பேரும் இன்னும் அதே வண்டியில்தான் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களின் எண் எங்களிடம் இல்லை. காலை ஆறு மணி வகுப்பு. உங்களில் யாராவது இதைப் படித்தால், அல்லது உங்கள் அப்பா அம்மா படித்தால், நாளை காலை ஏறுவதற்கு முன் அந்தப் பிடியை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.