கவியரங்கா, வாசிப்புக் கூடலா, எழுத்துப் பட்டறையா?

நல்லூர்க் கோயில் திருவிழா முடிந்து கொடியிறங்கியதும் யாழ்ப்பாணத்தில் இலக்கியக் கூட்டங்களின் பருவம் தொடங்கிவிடுகிறது. செப்டெம்பர் இலக்கிய மாதம். பிரதேச செயலகங்களின் கலாசாரப் பிரிவுகள் போட்டிகளையும் பட்டறைகளையும் பெரும்பாலும் அதையொட்டியே வைக்கின்றன. ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம் என்பதால் பொது நூலகம் முதல் ஊர்ச் சனசமூக நிலையத்தின் வாசிகசாலை வரை ஏதாவது ஒரு நிகழ்வு இருக்கும். இவற்றுக்கு இடையில் பௌர்ணமி விடுமுறையில் வாசிப்புக் கூடல், கோயில் மண்டபத்தில் கவியரங்கம், ஞாயிறு பிற்பகலில் நூல் வெளியீடு. கொப்பியில் பத்துப் பதினைந்து கவிதைகளோடு நிற்கும் ஓர் இளைஞரோ யுவதியோ இத்தனைக்கும் போக முடியாது. ரியூசன் இருக்கிறது, வேலை இருக்கிறது, பஸ் நேரம் இருக்கிறது. எதைத் தெரிவு செய்வது?

நான் ஒரே ஓர் அளவுகோலை வைத்துத்தான் இவற்றை ஒப்பிடுகிறேன். நிகழ்வு முடிந்து வீடு திரும்பும்போது, உங்கள் கவிதையில் ஒரு வரியையாவது மாற்ற வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா? வந்தால் அந்த நாள் உங்களுக்குப் பயன்பட்டது. மேடையின் அழகும் விருந்தினரின் பெயரும் அதற்குப் பிறகுதான்.

கவியரங்கத்திலிருந்து தொடங்குகிறேன், நம் ஊரில் அதன் வேர் ஆழமானது என்பதால். ஈழத்துக் கவிஞர்கள் மஹாகவியும் (து. உருத்திரமூர்த்தி) முருகையனும் சில்லையூர் செல்வராசனும் ஏறிப் பாடிய மேடை அது. வானொலி அதை வீடுகளுக்குள்ளும் கொண்டுவந்தது. 1980இல் இங்கே தொடங்கிய கம்பன் கழகம் தன் விழாக்களில் அதற்குப் பெரிய அவையைத் தேடிக் கொடுத்தது. அமைப்பு இன்றும் அதிகம் மாறவில்லை. பொதுத் தலைப்பு ஒன்று. அதிலிருந்து கவிஞர் ஒவ்வொருவருக்கும் ஓர் உபதலைப்பு. தலைமைக் கவிஞர் தமிழ் வணக்கமும் அவை வணக்கமும் சொல்லி, தன் தலைமைக் கவிதையைப் பாடி, மற்றவர்களைக் கவிதையிலேயே பெயர் சொல்லி அழைப்பார். அறுசீர் விருத்தமும் எண்சீர் விருத்தமும் வரும், நடுவே ஒரு சிந்து வந்து அவையை நிமிர்த்தும்.

இந்த மேடை செவியைப் பழக்குகிறது. ஒரு வரியை இரண்டு முறை சொல்வது அங்கே வழக்கம். முதல் முறை பொருள் போய்ச் சேர்கிறது. இரண்டாம் முறை, எதுகை எங்கே விழப் போகிறது என்று அவை முன்கூட்டியே காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பை நேரில் கேட்டவருக்கு ஒரு மூச்சில் எத்தனை சீர் அடங்கும் என்று யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. யாப்பில்லாமல் எழுதுகிறவர்களுக்குத்தான் இந்தப் பயிற்சி இன்னும் அவசியம் என்று நினைக்கிறேன். மஹாகவி மரபு யாப்பைக் கைவிடாமல், அதன் அடிகளைப் பேச்சின் போக்குக்கு ஏற்ப முறித்து அச்சிட்டார். விருத்தத்தைக் காதால் கேட்டுப் பழகியவருக்கு அந்த முறிப்பு ஏன் அந்த இடத்தில் விழுந்தது என்று புரியும். பழகாதவர் அதைப் பார்த்துவிட்டு, நினைத்த இடத்தில் வரியை உடைக்கலாம் என்று எண்ணிக்கொள்கிறார்.

ஆனால் பங்கேற்கும் கவிஞராகப் போவதில் எனக்குத் தயக்கம் உண்டு. தலைப்பை இன்னொருவர் தருகிறார். அவை எதற்கு ஆரவாரிக்கும் என்பதும் முன்பே தெரியும். தாய், மண், தமிழ் என்று ஏறிப்போய் ஓர் எதுகையில் நிறுத்தினால் கைதட்டல் வரும். இருபது வயதில் கைதட்டல் வாங்கிய வரியை முப்பது வயதிலும் விட மனம் வராது. அந்த வரி தளர்ந்திருக்கிறது என்று மேடையில் யாரும் சொல்லப் போவதில்லை, சொல்வது மரபும் இல்லை. எனவே புதியவர்கள் கவியரங்கத்துக்குக் கேட்பவராகப் போக வேண்டும், முன்வரிசையில் இருந்து கேட்க வேண்டும். ஏறிப் பாடுவது சில ஆண்டுகள் பொறுக்கலாம்.

வாசிப்புக் கூடல் வேறு வகை. இருபது கதிரைகள், சில இடங்களில் ஒலிவாங்கிகூட இல்லை. கையில் தாளோடு ஒருவர் வாசிக்கிறார், பிறகு பேச்சு. இதற்கும் இங்கே ஒரு வரலாறு இருக்கிறது. கவிதைகளை நாடகப் பாங்கில் நிகழ்த்திக் காட்டிய கவிதா நிகழ்வுகள் 1980களில் யாழ்ப்பாணத்தில் நடந்தன. கவிஞர் சு. வில்வரத்தினம் தன் கவிதைகளைப் பாடியே அவையில் வைத்தார். தொண்ணூறுகளின் போர்க்காலப் பொருளாதாரத் தடை நாட்களில், மின்சாரமும் அச்சுத்தாளும் இல்லாமல் பத்திரிகை கொப்பித் தாளில் வந்த நாட்களிலும், கவிதை கைமாறி வாசிக்கப்பட்டது. புலம்பெயர்ந்தவர்கள் 1988இல் ஜெர்மனியில் தொடங்கிய இலக்கியச் சந்திப்பின் 41ஆவது தொடர் 2013 ஜூலையில் இங்கே கூடியது. விருந்தினர் வரிசையைவிட விவாதத்துக்கு அதிக இடம் கொடுக்கும் ஒரு கூட்டம் இந்த ஊரிலும் நடக்க முடியும் என்பதை அது காட்டியது.

எல்லா வாசிப்புக் கூடலும் ஒன்றல்ல. வந்தவர் எல்லோரும் ஆளுக்கொரு கவிதை வாசித்து, தேநீர் குடித்து, படம் எடுத்துக்கொண்டு கலைந்துபோகிற கூடல்தான் அதிகம். பழக்கம் ஏற்பட அது உதவும், கவிதைக்கு உதவாது. பன்னிரண்டாவது ஆள் வாசிக்கும்போது மூன்றாவது ஆளின் கவிதை யாருக்கும் நினைவில் இருக்காது. இரண்டு பேர் மட்டும் வாசித்து, கவிதைகளின் நிழற்பிரதியை எல்லோர் கையிலும் கொடுத்து, மீதி நேரம் முழுவதையும் பேச்சுக்கு விடும் கூடல் அரிது. அது எங்கே நடக்கிறது என்று தேடிப் போக வேண்டும். அழைப்பு வந்ததும் ஏற்பாட்டாளரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எத்தனை பேர் வாசிக்கிறார்கள், பிரதி தருவீர்களா? பதிலிலேயே கூடலின் தரம் தெரிந்துவிடும்.

அங்கே வாசிக்கக் கிடைத்தால் முன்னுரை சொல்லாதீர்கள். "இது நான் இடம்பெயர்ந்த காலத்தை நினைத்து எழுதியது" என்று தொடங்கிவிட்டால், கவிதை தானாக அதைச் சொல்கிறதா என்று அறியும் வாய்ப்பு போய்விடும். முடிந்தால் உங்கள் கவிதையை இன்னொருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் ஏதோ ஒன்று சரியில்லை.

யாழ்ப்பாணத்துக் கூடல்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு, அதைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. இங்கே எழுதப்படும் கவிதைகளில் கணிசமானவை இழப்பைப் பற்றியவை. காணாமல் ஆக்கப்பட்ட அண்ணனைப் பற்றி ஒரு தங்கை வாசித்து முடிக்கும்போது, மூன்றாவது பந்தியில் வேகம் குறைகிறது என்று யார் சொல்வார்கள்? சொல்லக் கூடாது என்று நினைப்பதில் ஓர் அறம் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தத் தங்கை கவிஞராகவும் வந்திருக்கிறார். அவருடைய துயரத்துக்கு மட்டும் தலைகுனிந்து, எழுத்துக்கு எந்தப் பதிலும் கொடுக்காமல் அனுப்பினால், கவிஞராக அவரை நாம் மதிக்கவில்லை என்றுதான் பொருள். ஒரு வழி இருக்கிறது: வாசித்த அன்று கேட்பதோடு நிறுத்திக்கொண்டு, பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய், அடுத்த கூடலில் அந்தக் கவிதையின் எழுத்தைப் பற்றிப் பேசலாம். எழுதியவரின் விருப்பத்தை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலானோர் விரும்பவே செய்கிறார்கள்.

பட்டறைகளில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒருநாள் பட்டறையைப் பாடசாலையோ பிரதேச செயலகமோ ஏற்பாடு செய்யும். காலையில் மங்கல விளக்கு, வரவேற்புரை, பிறகு வளவாளர், அதாவது பயிற்சி தர வருபவர், ஈழத்துக் கவிதை வரலாற்றை ஒரு மணிநேரம் சொல்வார். மதிய உணவுப் பொதிக்குப் பிறகு அரைமணி நேரத்தில் ஒரு கவிதை எழுதச் சொல்வார்கள். நான்கைந்து பேர் வாசிப்பார்கள், சான்றிதழ் கிடைக்கும். ஐம்பது அறுபது பேர் இருக்கும் மண்டபத்தில் எந்த வளவாளராலும் ஒவ்வொரு தாளையும் பார்க்க முடியாது, அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. பாடசாலைகளின் தமிழ்த்தினப் போட்டிக்கு அப்பால் கவிதையைச் சந்தித்திராத மாணவருக்கு இந்த ஒரு நாள் பெரிய வாசல். அங்கேதான் தன்னைப்போல எழுதும் இன்னொருவரை அவர் முதன்முதலில் பார்க்கிறார். ஏற்கெனவே எழுதிக்கொண்டிருப்பவருக்கு இதில் கிடைப்பது குறைவு.

தொடர் பட்டறையைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். எட்டுப் பத்துப் பேர், ஆறு வாரமோ எட்டு வாரமோ, ஒரே இடம். முதல் வாரம் எழுதியதை இரண்டாம் வாரம் திருத்திக் கொண்டுவர வேண்டும். இந்த ஒரு நிபந்தனை மற்ற எந்த நிகழ்விலும் இல்லை. நல்ல பட்டறையில் கவிதை பெயரில்லாமல் சுற்றுக்கு வரும். மற்றவர்கள் பேசும்போது எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. எல்லோரும் முடித்த பின் அவர் பதில் சொல்லலாம், அல்லது கேள்வி கேட்கலாம். பெயர் இல்லாததால், ஆசிரியரின் கவிதை என்றோ ஊர்ப் பெரியவரின் மகள் எழுதியது என்றோ யாரும் தயங்குவதில்லை. வயதுக்கும் பதவிக்கும் நம் ஊர் கொடுக்கும் மரியாதை விமரிசனத்தை எப்படி அடைத்துவிடுகிறது என்பது இங்கே எழுதுகிற எல்லோருக்கும் தெரியும். அந்த அடைப்பை உடைக்க இதைவிட நல்ல முறையை நான் பார்க்கவில்லை.

நடத்துபவர் யார் என்பதும் முக்கியம். நல்ல கவிஞரெல்லாம் நல்ல நடத்துநர் ஆகிவிடுவதில்லை. சிலர் எட்டு வார முடிவில் எட்டுப் பேரையும் தன்னைப்போல எழுதப் பழக்கிவிடுவார்கள். முதல் இரண்டு வாரத்தில் அவர் உங்கள் வரியை அழித்துத் தன் வரியை எழுதித் தருகிறாரா, அல்லது ஏன் அந்தச் சொல் என்று கேட்கிறாரா என்று கவனியுங்கள். கேட்பவரிடம் இருங்கள். வேறு மொழிக் கவிதைகளின் தமிழாக்கத்தையும் சங்கப் பாடலையும் ஒரே மேசையில் வைத்து வாசிக்க வைப்பவரானால் இன்னும் நல்லது. பயிற்சிகளில் எனக்குப் பிடித்தது ஒன்றைச் சொல்கிறேன். அகவற்பா (ஆசிரியப்பா) ஒன்றின் எட்டு அடிகளை எடுத்து, வாசிக்கும் மூச்சுக்கு ஏற்ப வரிகளாக முறித்து எழுத வேண்டும். பத்துப் பேர் பத்து விதமாக முறிப்பார்கள், ஏன் என்ற விவாதத்திலேயே மாலை கழிந்துவிடும்.

தொடர் பட்டறையின் பெரிய குறை, அது அரிதாகவே நடக்கிறது, நடந்தாலும் நடுவில் நின்றுவிடுகிறது. பரீட்சைக் காலம் வந்தால் பாதிப் பேர் காணாமல் போவார்கள். அதனால் உயர்தர மாணவர்களும் தொழில் பார்ப்பவர்களும் கலந்த குழுவே நீடிக்கும்.

இணையவழிக் கூடல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே இரவு 7.30 என்றால் கோடையில் இலண்டனில் பிற்பகல் 3, ரொறன்ரோவில் காலை 10. மூன்று இடத்தாரும் விழித்திருக்கும் அந்த நேரத்தில், வெளிநாட்டில் வாழும் நம் கவிஞர்களுடன் நேரடியாகப் பேசலாம். நெடுந்தீவிலோ மருதங்கேணியிலோ இருப்பவருக்கு யாழ் நகருக்கு வருவதைவிட இது எளிது. ஆனால் ஒலியை நிறுத்திவிட்டு இருபது பேர் மௌனமாக இருக்கும் திரைக்கு முன் வாசிப்பவருக்கு, தன் வரி எங்கே போய்த் தைத்தது என்று தெரியாது. நூல் வெளியீடு உறவுக்கும் நூல் வாங்கவும் போகும் இடம். நயப்புரையிலும் ஏற்புரையிலும் எழுதப் பழக எதுவும் இல்லை. அங்கே வாங்கிய நூலை வீட்டில் வாசியுங்கள்.

எதைத் தெரிவு செய்தாலும் கடைசியில் தீர்மானிப்பது நேரம்தான். பின்னேரம் நான்கு மணிக்கு என்று அழைப்பிதழில் இருக்கும், விருந்தினர் வந்து தொடங்க ஐந்தாகும், ஏழரைக்கு நன்றியுரை. வடமராட்சிக்கோ தென்மராட்சிக்கோ போக வேண்டிய பெண்பிள்ளை ஆறு மணிக்கே எழுந்துவிடுகிறார். தீவுப்பகுதியில் இருந்து வருபவர், குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு காத்திருக்காது என்பதால், வருவதே இல்லை. கலந்துரையாடல் எப்போதும் கடைசி அங்கம் என்பதால், அதிகம் இழப்பவர்களும் இவர்களே. பெண் எழுத்தாளர்கள் ஏன் கூட்டங்களில் பேசுவதில்லை என்று மேடையில் வருந்துகிறவர்கள் தங்கள் நிகழ்ச்சி நிரலை ஒருமுறை பார்க்க வேண்டும். பௌர்ணமி நாளில் காலை 9.30க்குத் தொடங்கி 12.30க்கு முடிக்கும் கூடலுக்கு என்னிடம் எப்போதும் முதலிடம், அங்கே வாசிக்கப்படுவது எவ்வளவு சாதாரணமாக இருந்தாலும்.

ஆக, வரும் செப்டெம்பருக்கும் ஒக்டோபருக்கும் என் பரிந்துரை இதுதான். ஒரு கவியரங்கத்தைக் கேட்கப் போங்கள். பாடசாலை மாணவர் என்றால் ஒருநாள் பட்டறைக்குப் பெயர் கொடுங்கள், அங்கே சந்திக்கும் இருவரின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பிரதி தரும் வாசிப்புக் கூடல் ஒன்றைத் தெரிந்துகொண்டு, மாதம் தவறாமல் அதற்கு மட்டும் போங்கள். தொடர் பட்டறை பற்றி எங்கேயாவது அறிவிப்பு வந்தால் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அதில் சேருங்கள். வரவில்லை என்றால், அந்த இருவரையும் சேர்த்துக்கொண்டு உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத் தலைவரிடம் ஞாயிறு காலையில் வாசிகசாலை மேசையை இரண்டு மணிநேரம் கேளுங்கள். திறப்பை வாங்கிப் பூட்டித் தருவதாகச் சொன்னால் அநேகமாகத் தருவார்.