கண்ணாடித் தொட்டியின் கடைமடை: ஐந்து வருடப் பம்பு அனுபவம்

மன்னார்குடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஏறத்தாழ 190 லிட்டர் பிடிக்கும். அதன் கீழே அலமாரிக்குள் 60 லிட்டர் சம்ப், அதாவது தொட்டி நீர் இறங்கி, பம்பு வழியாக மீண்டும் மேலே ஏறும் துணைத்தொட்டி. 2020 தொடக்கத்திலிருந்து ஓடுகிறது. இத்தனை நாளில் நான் வாங்கிய, மாற்றிய, எரித்த பம்புகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். பிராண்டு பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை. ஒரே நாளில் வாங்கிய ஒரே மாதிரியான இரண்டு அலைக்கருவிகளில் (தொட்டிக்குள்ளேயே நீரோட்டம் உண்டாக்கும் சிறு பம்புகள்) ஒன்று இன்றும் உழைக்கிறது, மற்றொன்று பதினான்காம் மாதம் படுத்துவிட்டது. இதில் யாரைப் புகழ்வது, யாரைத் திட்டுவது?

தொட்டியில் இருப்பவை மென்பவளங்கள் மட்டுமே: லெதர் கோரல், ஜோவாந்திட், மஷ்ரூம். எல்லாம் வளர்ப்பவர்களிடம் வாங்கிய துண்டுகள். பாறைகள் சிமெண்டில் வார்த்தவை. ராமேஸ்வரம் அருகே மண்டபம் கடற்கரைப் பக்கம் போகும்போது இரண்டு பவளக்கல் எடுத்து வந்தால் என்ன என்று கேட்கும் உறவினர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. கல்பவளங்கள் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு இருக்கும் அதே இடம். அந்தப் பேச்சே வேண்டாம்.

முதல் பம்பின் பெட்டியில் மணிக்கு 3000 லிட்டர் என்று போட்டிருந்தது. சம்பிலிருந்து தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்ற இது மிக அதிகம் என்று கவலைகூடப் பட்டேன். பொருத்திப் பார்த்தால் குழாயில் வந்தது குழந்தை ஒன்றுக்குப் போவது போல ஒரு தாரை. எங்கள் தெருவில் வயல் மோட்டார்களுக்கு காயில் கட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் சொன்னபோது சிரித்தார். "தம்பி, பெட்டியில் எழுதியிருப்பது தரையில் கிடக்கும் மோட்டாரின் பேச்சு. மாடி ஏறச் சொன்னால் அதற்கும் மூச்சு வாங்கும்" என்றார். பிறகு வந்து குழாயைப் பார்த்தார். அரை அங்குல ஹோஸ், நான்கு எல்போ (குழாயைத் திருப்பும் வளைவுத் துண்டு). வயலில் இப்படி டெலிவரி போட்டால் ஊரே சிரிக்கும் என்றார்.

அவர் சொன்னபடி 15 லிட்டர் வாளியை வைத்து அளந்தேன். வாளி நிறைய 50 விநாடி ஆனது, அதாவது மணிக்கு 1080 லிட்டர். நாலரை அடி ஏற்றமும் குறுகிய குழாயும் எல்போக்களும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கைத் தின்றுவிட்டன. ஹோஸை ஓர் அங்குலமாக்கி, எல்போக்களில் மூன்றை எடுத்தேன். அதே பம்பு, அதே வாளி: 30 விநாடி. பம்பு வாங்கும் முன் அதன் பெட்டியில் ஏற்றத்துக்கு ஏற்ப நீரளவு குறைவதைக் காட்டும் வரைபடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உச்ச ஏற்றம் என்ன என்றாவது பாருங்கள். அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வராது என்று பொருள்.

வந்த 1800 லிட்டரும் எனக்குத் தேவைப்படவில்லை என்பது வேறு கதை. தொட்டி நீரைச் சம்புக்கு இறக்கும் ஓவர்ஃப்ளோ குழாய் இரவெல்லாம் கொப்புளித்தது, சம்பிலிருந்து பொடிக் குமிழ்கள் தொட்டிக்குள் ஏறின. தொட்டியின் கொள்ளளவைப் போல மணிக்கு ஐந்து மடங்கு சம்ப் வழியாகச் சுற்றினால் போதும். மற்ற நீரோட்டத்தை அலைக்கருவிகள் பார்த்துக்கொள்ளும்.

ஆகவே அடுத்து வேகத்தைக் குறைக்கக்கூடிய டிசி பம்பு வாங்கினேன். பழையது 55 வாட்; இது நான் வைத்திருக்கும் வேகத்தில் 18 வாட். இரண்டு மாத மின்கட்டணத்தில் 53 யூனிட் வித்தியாசம். அதைவிடப் பெரிய லாபம் வெப்பத்தில் கிடைத்தது. நீருக்குள் மூழ்கிய பம்பு இழுக்கும் மின்சாரம் கடைசியில் வெப்பமாகி நீரிலேயே தங்குகிறது. பழைய பம்பு இருந்தபோது சித்திரையில் தொட்டி 31 டிகிரியைத் தொட்டது. இப்போது மேலே ஒரு சிறு விசிறியும் சேர்த்து 28-இல் நிற்கிறது. விசிறிக்கு விலை உண்டு: ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் ஆவியாகும், உப்பு மட்டும் உள்ளேயே நிற்கும். தினமும் ஆர்ஓ தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இனி அலைக்கருவிகள். மென்பவளங்களுக்கு மணிக்குப் பத்து முதல் இருபது மடங்கு சுழற்சி போதும் என்பார்கள். நானும் கணக்குப் போட்டு, அதற்கேற்ற இரண்டை வாங்கி ஒரே பக்கக் கண்ணாடியில் ஒட்டினேன். கணக்கு சரி. தொட்டி சரியில்லை. வலப்பக்க மணல் பறந்து அடிக்கண்ணாடி தெரிந்தது. லெதர் கோரல் வாடிய காளான் போல நின்றது. பிடி விட்ட ஒரு மஷ்ரூம் கருவிக்குள் இழுபட்டுக் கூழானது. இடப்பக்கம் பாறைக்குப் பின்னாலோ செம்பாசி ஜமக்காளம் விரித்ததுபோல் படர்ந்தது.

மேட்டூரில் எத்தனை ஆயிரம் கனஅடி திறந்தார்கள் என்று செய்தியில் வரும்போது, என் தாத்தா கேட்கும் ஒரே கேள்வி கடைமடைக்கு வந்ததா என்பதுதான். நான் திறந்ததை மட்டும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மாலை மீன் தீனியைப் பொடித்துத் தூவி, ஒவ்வொரு துகளும் எங்கே போகிறது என்று அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். எல்லாம் அந்த இடது பின்மூலையில் போய்ப் படுத்துக்கொண்டன. பாறைகளைப் பின்கண்ணாடியோடு ஒட்டி அடுக்கியிருந்தேன். நானே அணை கட்டிவிட்டு, தண்ணீர் வரவில்லை என்று இரண்டு மாதம் புலம்பியிருக்கிறேன்.

பாறைகளை இரண்டு அங்குலம் முன்னால் இழுத்தேன். அடியில் சிறு கால்கள் கொடுத்துத் தூக்கினேன். அலைக்கருவிகளை எதிரெதிராக, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்தேன். இரண்டும் சேர்ந்து ஓடுவதில்லை. ஆறு மணி நேரம் இது, ஆறு மணி நேரம் அது. எங்கள் ஊரில் முறைப்பாசனம் என்றால் எல்லோருக்கும் புரியும். பாசியைக் குழாயால் உறிஞ்சி எடுத்த பிறகு மூன்று வாரத்தில் அது திரும்ப வரவில்லை. லெதர் கோரல் தன் மெழுகுத் தோலை உரித்துப் போட்டு விரிந்தது. அந்தத் தோலைக் கழுவிக்கொண்டு போகவே அதற்கு ஓட்டம் வேண்டும். கருவிகளின் வேகம் இப்போது முன்பைவிடக் குறைவு.

மின்தடையைப் பற்றிப் பேசாமல் டெல்டாவில் இந்தப் பொழுதுபோக்கைப் பற்றிப் பேச முடியாது. இதற்கு முன் 2017-இல் ஒரு சிறிய தொட்டி வைத்திருந்தேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையேறியது. எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்பப் பன்னிரண்டு நாள் ஆனது. கரண்டியால் தண்ணீரைக் கலக்கிக் கலக்கி இரண்டாம் நாள் இரவோடு கை ஓய்ந்தேன். சுற்றிலும் முப்பது வருடத் தென்னைகள் வேரோடு கிடந்தன. மீன் செத்ததை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

இந்தத் தொட்டியில் அதனால் ஓர் அலைக்கருவி 24 வோல்ட் டிசி. பழைய யுபிஎஸ் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்திருக்கிறேன். குறைந்த வேகத்தில் ஓர் இரவு முழுவதும் நீர்மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டிருக்கும். ஆக்சிஜனுக்கு அதுவே போதும். எச்சரிக்கை ஒன்று: பேட்டரி சார்ஜ் ஆகும்போது 27 வோல்ட்டைத் தாண்டும். சார்ஜரோடு நேரடியாக இணைத்து அலைக்கருவியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு கன்ட்ரோலரை எரித்தேன். இப்போது மின்சாரம் போனால் மட்டும் பேட்டரிக்கு மாற்றும் ரிலே இருக்கிறது.

மின்சாரம் போனால் இன்னொன்றும் நடக்கும். என் குழாய் வாய் நீர்மட்டத்துக்கு நான்கு அங்குலம் கீழே இருந்தது. பம்பு நின்றதும் தண்ணீர் அதே குழாய் வழியாகத் திரும்பி இறங்கியது. நான்கு அங்குலம் என்றால் இந்தத் தொட்டியில் 42 லிட்டர். சம்பில் இடம் 20 லிட்டருக்குத்தான். மீதி உப்புத்தண்ணீர் அம்மா துடைத்து வைத்த கூடத்தில். தண்ணீரைத் திரும்பி வரவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு போட்டேன். எட்டே மாதத்தில் சுண்ணாம்பு படிந்து மூட மறுத்தது. கடைசியில் குழாய் வாயை ஓர் அங்குல ஆழத்துக்கு உயர்த்தினேன். பழுதாக அதில் ஒன்றுமே இல்லை.

பராமரிப்பு மூன்று மாதத்துக்கு ஒரு முறை: வினிகரும் தண்ணீரும் சமபங்கு, ஒரு மணி நேரம் ஊறல், பழைய பல்துலக்கும் பிரஷ். பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லரின் செராமிக் தண்டை அவசரப்பட்டுத் திணித்து ஒன்றை ஒடித்தேன். உதிரி ஒன்று எப்போதும் வைத்திருங்கள். பதினான்காம் மாதம் படுத்த அலைக்கருவியில் காந்தத்தின் மேலுறை வெடித்து, உள்ளே துரு கசிந்திருந்தது. கழற்றும்போதெல்லாம் அந்த உறையில் விரல் வைத்து, வீக்கம் தெரிகிறதா என்று தடவிப் பார்க்கிறேன்.

இரண்டு நாளாக வலப்பக்கக் கருவியின் சத்தம் சற்று மாறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கழற்ற வேண்டும். வினிகர் வாங்கி வைத்துவிட்டேன்.