ஏற்காட்டு வேலிக்கு ஸ்வீட் பீயா, சங்குப்பூவா?

எங்கள் வீட்டு முன்வேலி பத்தடி நீளம். இரண்டு வருடம் முன்பு அதில் கொடி படரவிட நினைத்தபோது கையில் இருந்தவை இரண்டு: சேலத்து அக்கா கொடுத்த சங்குப்பூ விதை, நர்சரியில் வாங்கிய ஸ்வீட் பீ என்ற மணமுள்ள பூக்கொடியின் விதைப் பாக்கெட். பாதிக்குப் பாதி போட்டேன். இரண்டு பருவம் பார்த்தாயிற்று. இப்போது கேட்டால் ஏற்காட்டுக்கு ஸ்வீட் பீ என்றுதான் சொல்வேன்.

சங்குப்பூ எல்லாருக்கும் தெரிந்த கொடி. விதை விழுந்த இடத்தில் முளைக்கும், வருடக்கணக்கில் நிற்கும், பூஜைக்கு ஆகும். ஆனால் அதற்கு வெயில் வேண்டும். அக்கா வீட்டு மாடிப்படியையே மூடி நிற்கிற அதே விதை, இங்கே மார்கழிப் பனியில் இலை மஞ்சளாகி அப்படியே நின்றுவிட்டது. மணமும் கிடையாது.

ஸ்வீட் பீயின் சொந்த ஊர் சிசிலிப் பக்கம். 1699இல் குப்பானி என்ற துறவி அங்கிருந்து இங்கிலாந்துக்கு விதை அனுப்பினார். தோட்டச் செடியாகப் பரவியது அப்புறம்தான். சிசிலியில் மழை குளிர்காலத்தில் வரும். அந்தக் குளிரில் வளர்ந்து, வசந்தத்தில் பூத்து, கோடையில் காய்ந்துபோவது இதன் பழக்கம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற நமக்கு ஐப்பசி முதல் மாசி வரை அதற்குத் தோதான குளிர்தான்.

நேரடியாக மண்ணில் போட்ட விதை ஐப்பசி மழையில் அழுகிவிட்டது. செப்டம்பர் கடைசியில் ஓர் இரவு ஊறவைத்து, தாழ்வாரத்தில் பேப்பர் கப்பில் போட்டவைதான் பிழைத்தன. கொடி ஏறுவதிலும் வித்தியாசம் உண்டு. சங்குப்பூவின் தண்டே எதையும் சுற்றிக்கொண்டு ஏறிவிடும். ஸ்வீட் பீக்கு இலை நுனியில் நூல் மாதிரி பற்றுக்கம்பிகள். பருமனான மூங்கிலை அவற்றால் பிடிக்க முடியாமல் கொடி சரிந்து கிடந்தது. மெல்லிய நைலான் வலை கட்டினேன். மறுநாள் காலையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தது.

இதெல்லாம் ஒருமுறை வேலை. உண்மையில் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: இரண்டு நாளுக்கு ஒருமுறை உங்களால் பூப்பறிக்க முடியுமா? ஸ்வீட் பீ ஒரே பருவச் செடி. விதை விடுவதோடு அதன் வேலை முடிந்தது. காய் பருக்க ஆரம்பித்தால் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். முதல் வருடம் ஜனவரியில் பூக்க ஆரம்பித்தது. தை மாதக் கல்யாணம் ஒன்றுக்காகப் பத்து நாள் சேலத்தில் தங்கிவிட்டுத் திரும்பினால், வலை முழுக்கக் காய், அடியிலிருந்து மஞ்சள். காய்களைக் கிள்ளிப் போட்டும் பழையபடி பூக்கவில்லை. போன வருடம் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கத்திரிக்கோலைக் கொடுத்து, "நான் ஊரில் இல்லாதபோது எல்லாப் பூவும் உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டேன். மார்ச் பாதி வரை பூத்தது. நாலு காம்பை டம்ளர் தண்ணீரில் வைத்தால் போதும், ஆரஞ்சுப் பூவும் தேனும் கலந்த மாதிரி அறை முழுக்க மணக்கும். சங்குப்பூவிலும் காய் பிடித்தால் பூ குறையத்தான் செய்யும், ஆனால் கொடி அதோடு முடிந்துபோகாது. அடிக்கடி வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவர்கள் சங்குப்பூவே வைக்கலாம்.

குழந்தைகள் இருக்கிற வீட்டில் இன்னொரு கவனம். ஸ்வீட் பீ காய் பட்டாணி மாதிரியே இருக்கும், ஆனால் விதை நஞ்சு. சமையலறைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

சேலத்துக்கு எது? அக்கா போன வருடம் மாடியில் நாலு தொட்டியில் ஸ்வீட் பீ போட்டார். பிப்ரவரியில் வெயில் ஏறியதும் மொட்டாகவே உதிர்ந்தது. "இங்க இதெல்லாம் நிக்காது கண்ணு, எனக்குச் சங்குப்பூவே போதும்" என்றார். ஒரு வருடம் பார்த்ததை வைத்து நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அவர் விதைத்ததே நவம்பர் கடைசியில். ஒரு மாதம் முன்னால் போட்டிருந்தால் கொஞ்சமாவது பூத்திருக்கலாம்.

இந்த வருடம் பத்தடியும் ஸ்வீட் பீக்கே. சங்குப்பூ விதையை, நாள் முழுக்க வெயில் விழுகிற தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஊன்றியிருக்கிறேன்.