மூணு வருஷ இ-சைக்கிளும் நெருஞ்சி முள்ளும்

நேத்து பதினொண்ணாவது பஞ்சர். எண்ணிட்டுதான் இருக்கேன். கராஜ்ல வண்டியைத் தலைகீழா கவுத்துப்போட்டு கையெல்லாம் கரியோட உக்காந்திருக்கப்போ நண்பர் ஒருத்தர் மெசேஜ் பண்றார், "நாங்களும் சீஃபோர்ட் பக்கம் வீடு பாக்குறோம், உங்க இ-சைக்கிள் எப்படிப் போகுது, வாங்கலாமா?"ன்னு. கேக்குற நேரமா இது.

மோட்டார், பேட்டரி கதையெல்லாம் விடுங்க, அது ஒழுங்காதான் ஓடுது. விஷயம் ரோடு. ஆஸ்திரேலியால அடிலெய்டுல இருந்து வர்ற ரயில் சீஃபோர்டோட முடிஞ்சிடும், அதுவரைக்கும் நீட்டுனதே 2014லதான். நான் வேலை பாக்குற மெக்லாரன் வேல் அங்கிருந்து பத்து கிலோமீட்டர் போல உள்ள இருக்கு. இதுல வயித்தெரிச்சல் என்னன்னா 1915லயே அதையும் தாண்டி வில்லுங்கா வரைக்கும் ரயில் ஓடியிருக்கு, 1969ல மூடிட்டு அப்புறம் தண்டவாளத்தையும் பிடுங்கிட்டாங்க! அந்தப் பாதையை ஒட்டித்தான் இப்ப சைக்கிள் டிரெயில், மரினோல ஆரம்பிச்சு வில்லுங்கா வரை 34 கிலோமீட்டர்.

ஆனா ரயிலுக்கு வெட்டுன பாதைங்கறதால ஏத்தமே சுளீர்னு வராது, இழுத்து இழுத்து மெதுவாதான் ஏறும். மோட்டார் உதவியை, அதான் அசிஸ்டை, முதல் அளவுல வெச்சாலே போயிடலாம். ரெண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், குளிர்காலத்துல இலை கொட்டுனதும் வரிசைக்கு நடுவுல செம்மறி ஆடு மேயும். மார்ச்ல அறுவடை சமயம் டிரெயில்ல வந்தா புளிச்ச தோசை மாவு வாசம் அடிக்கும், ஒயின் குடிக்காத எனக்கே அது பிடிச்சுப்போச்சு.

சரி, இப்ப முள்ளு. வெயில் காலத்துல டிரெயில் ஓரமா மஞ்சப் பூ பூத்துப் படர்ந்து கிடக்கும், முதல் வருஷம் அழகா இருக்கேன்னு போட்டோ வேற எடுத்தேன். அது நம்ம நெருஞ்சி! ஊர்ல வெறுங்கால்ல மிதிச்சுக் கத்துன அதே நெருஞ்சி, கடல் தாண்டி வந்து இங்க டயர்ல ஏறுது. அது பத்தாதுன்னு த்ரீ கார்னர் ஜாக்னு இன்னொரு முள்ளு, எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேல பாத்துக்கிட்டே நிக்கும். தார் போட்ட பாதைதான், ஆனாலும் எப்படியோ வந்து கிடக்குது. நேத்து ஒரே டயர்ல ஏழு பிடுங்கினேன்.

என் வண்டில மோட்டார் பின் வீல்லயே இருக்கு. வீலைக் கழட்டணும்னா வயரைப் பிடுங்கி, பெரிய நட்டு ரெண்டைத் திருகி, திரும்ப மாட்டுறப்போ பிரேக் உரசி, வேணாம்டா சாமி. இப்பல்லாம் வீலைக் கழட்டாமலே டயரை ஒரு பக்கம் மட்டும் நெம்பி ட்யூபை வெளிய இழுத்து, காத்தடிச்சு காதுகிட்ட வெச்சு 'உஸ்'ஸுன்னு எங்க வருதுன்னு கேட்டு, எச்சி தொட்டு உறுதி பண்ணி ஒட்டிடறேன். அதுக்கு முன்னாடி டயர் உள்பக்கம் துணியால தடவிப் பாருங்க, விரலால தடவினா ரத்தம்தான். கடைல ட்யூபுக்குள்ள சீலன்ட், அதான் ஓட்டையைத் தானா அடைக்கிற திரவம், ஊத்தித் தந்தாங்க, ரெண்டு மாசம் தாங்குச்சு, அப்புறம் ஒரு நாள் வால்வுலயே உறைஞ்சு அடைச்சுக்கிட்டு காத்தே ஏறல. காசைத் திருப்பிக் கேட்டா சிரிக்கிறான்.

சாயங்காலம் திரும்பறப்போ கடல் காத்து நேரா மூஞ்சில அடிக்கும், பேட்டரி சரசரன்னு எறங்கும். நான் வேலை பாக்குற வைனரில, அதான் ஒயின் தயாரிக்கிற எடத்துல, அந்தக் காத்தைத்தான் கொண்டாடுறாங்க, வளைகுடால இருந்து அது வந்து கொடியைக் குளிர வைக்கிறதாலதான் பழம் வெந்து போகாம நிக்குதாம். இருக்கட்டும், கொடி என்ன பெடலா மிதிக்குது.

ஆனா மேட்டுல ஒரு எடத்துல தோட்டத்துக்கு மேலாக்க கடல் நீளமா தெரியும், அங்க தினமும் நிப்பேன். லேட்டானாலும் நிப்பேன்.

அஞ்சுக்கு ரெண்டு மார்க். வாங்காதீங்கன்னு நண்பருக்குப் பதில் போட்டுட்டேன். "அப்ப உங்க வண்டியைக் குடுக்குறீங்களா, ட்யூபை நான் பாத்துக்கறேன்"ன்னு கேக்குறார். அதெல்லாம் முடியாதுங்க.