மால் லைசென்ஸ் தகராறுக்கு ஆர்பிட்ரேட்டர் நியமனம்: ஜூஸ் கடைக்காரர் போடும் மார்க்

சென்னை மால் ஒன்றின் ஃபுட் கோர்ட்டில் ஜூஸ் கவுண்டர் நடத்தினேன். மாலின் பெயர் வேண்டாம். லைசென்ஸ் காலம் முடிந்து காலி செய்யும்போது 9 லட்சம் டெபாசிட்டைத் தரவில்லை. ஃப்ரீசர், ஜூஸ் மெஷின், கவுண்டர் என்று இன்னொரு 5 லட்சம் மதிப்புள்ள சாமான்களையும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கேட்டால் பராமரிப்பு பாக்கி, டைல்ஸ் சேதம் என்று ஒரு பட்டியல் வந்தது.

ஒப்பந்தத்தில், தகராறு வந்தால் மாலின் நிர்வாக இயக்குநர் நியமிக்கும் ஒரே நடுவர்தான் (கோர்ட்டுக்கு வெளியே தீர்ப்புச் சொல்லும் ஆர்பிட்ரேட்டர்) தீர்ப்பார் என்று இருந்தது. நம் வக்கீல் முதலில், தகராறை நடுவரிடம் விட வேண்டும் என்று 1996 நடுவர் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி நோட்டீஸ் அனுப்பினார். சட்டப்படி நடுவர் வழக்கு தொடங்குவதே அது எதிராளி கைக்குப் போய்ச் சேரும் நாளில்தான். பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். மால் பதிலுக்குத் தன் சட்ட ஆலோசகரையே நடுவராக்கிக் கடிதம் போட்டது. கூடவே, "ஆட்சேபணை இல்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் சீக்கிரம் முடித்துவிடலாம்" என்று மேனேஜரின் அன்பான மெயில். அந்த வரியில்தான் விஷயமே இருக்கிறது. கட்சிக்காரரின் ஊழியரோ ஆலோசகரோ நடுவராக முடியாது என்று 2015 திருத்தம் சொல்கிறது. தகராறு வந்த பிறகு நாமே எழுத்தில் சம்மதித்தால் மட்டும் அந்தத் தடை விலகும். நான் எழுதிக் கொடுக்கவில்லை.

அப்புறம் நடுவரை நீதிமன்றமே நியமிக்கக் கேட்டு, அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவில் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு. முடிவில் அக்கறை உள்ளவர் தனியாக நடுவரை நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் சொல்லியிருப்பதால், அந்த ஆலோசகர் விஷயத்தில் வாதம் நீளவில்லை. வேடிக்கை வேறு இடத்தில். ஒப்பந்தத்தில் பக்கத்துக்குப் பக்கம் "இது வெறும் லைசென்ஸ், வாடகை உரிமை எதுவும் கிடையாது" என்று என்னிடம் கையெழுத்து வாங்கியவர்கள், கோர்ட்டில் எழுந்து "இது வாடகைத் தகராறு, 2017 வாடகைச் சட்டப்படி வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடுவர் ஒப்பந்தம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதுதான் என் வேலை, மற்றதை நடுவரிடமே எழுப்பிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவரை நியமித்தார் நீதிபதி.

முதல் அமர்விலேயே புதியவர் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. மாலோடும் என்னோடும் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்ற எழுத்து வாக்குமூலத்தை இரண்டு பக்கத்துக்கும் கொடுத்தார். "படிச்சுப் பாருங்க, சந்தேகம் இருந்தா இப்பவே கேளுங்க" என்றார். மால் வக்கீல் வாய்தா கேட்டபோது, வாதப் பிரதிவாத மனுக்கள் முடிந்த நாளிலிருந்து 12 மாதத்தில் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும் என்று நினைவூட்டி, தேதியைக் கிட்டத்திலேயே போட்டார். டெபாசிட் இன்னும் கைக்கு வரவில்லை. அது தீர்ப்பின் விஷயம். நியமனத்துக்கு மட்டும் என் மார்க் 5-க்கு 4.

ஒரு மார்க் குறைந்தது ஃபீஸால். சட்டத்தின் நான்காம் அட்டவணைப்படி போகலாம் என்று அந்த அமர்விலேயே பேசி முடிவானது. என் 14 லட்சக் கோரிக்கைக்கு 76,500 ரூபாய். ஒரே நடுவர் என்பதால் அதன் மேல் 25 சதவீதம், ஆக 95,625. பாதி நான், பாதி மால். மால் 6 லட்சத்துக்கு எதிர்க்கோரிக்கை போட்டதும் அதற்குத் தனியாக 60,625. வக்கீல் செலவு இதில் சேராது. 5 லட்சம் வரையான எந்தத் தகராறுக்கும் அட்டவணையில் 45,000தான், அந்த 25 சதவீதத்தோடு 56,250. ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் டெபாசிட்டுக்காக வருகிறவர்கள் இதைக் கூட்டிப் பார்த்துவிட்டு வக்காலத்தில் கையெழுத்துப் போடுங்கள்.